கோட்டுக்கு வலிக்காது

உலான்பாத்தர். வெளியே மைனஸ் முப்பது.
மரப்பு மருந்துக் குப்பிகளை
உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருக்கிறார்கள்
ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஆறு பேரும்,
அடைகாப்பதுபோல.
குளிர்ந்த மருந்து உள்ளே போனால் எரியும் என்பது
நான் சொல்லித் தெரிந்ததல்ல.
போன வாரம் ஒருவருக்கொருவர் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.
அரியுன்ஸுல் குடித்த உப்புத் தேநீர்
மரத்த உதட்டில் வழிந்து
கழுத்துப்பட்டை வரை போனது.
சிரித்தாள். பாதி முகம் மட்டும் சிரித்தது.

இன்று நாற்காலியில் ஒரு குழந்தை.

"எடை?"
"இருபத்திரண்டு கிலோ" என்கிறான் ஸோல்பூ.
பார்க்கிறேன்:
கம்பளி பூட்ஸ், ஆட்டுத்தோல் கோட்டு,
கோட்டுக்குள் எங்கோ ஒரு சிறுமி.
கழற்றிவிட்டு எடை பார்.
பத்தொன்பது.
மூன்று கிலோவுக்குக் கூடுதலாகக் கணக்குப் போட்டிருக்கிறாய், ஸோல்பூ.
கோட்டுக்கு வலிக்காது.

பிறகு, வகுப்பில் சொன்னதையே மறுபடி சொன்னேன்.
சின்னத் தாடை என்பது
பெரிய தாடையின் சின்னப் படமல்ல.
நரம்பு உள்ளே நுழையும் வாசல்
இந்த வயதில் இன்னும் கீழே இருக்கும்;
குனிந்து போ.
முதலில் பின்னிழு, ரத்தம் வருகிறதா பார்.
வராவிட்டால் மெதுவாக,
நீ மெதுவென்று நினைப்பதைவிட மெதுவாக.
ஊசி என்ற சொல்லை மட்டும்
வாயிலிருந்து எடுத்து
அறைக்கு வெளியே வைத்துவிட்டு வா.

பெயர் கேட்டான்.
"எனேபிஷ்."
எங்கள் மொழியில் அதற்கு 'இதுவல்ல' என்று பொருள்.
இவளுக்கு முன் இரண்டு தங்கவில்லை என்றாள் தாய்,
கையுறையைக் கழற்றாமலே.
மறுபடி தேடிக்கொண்டு வருவது
வாசலில் பெயரைக் கேட்டு
ஆள் மாறிவிட்டதென்று திரும்பிப் போகட்டும்.

ஐந்து நிமிடம்.
சிறுமி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.
"இது யாரோட உதடு?"
யாரும் பதில் சொல்லவில்லை, நல்ல கேள்வி.

கீழ் இடது, எழுபத்தைந்தாம் எண்.
ஸோல்பூ கொறடை எடுத்தான்.
நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்?
சொல்லிவிடுகிறேன்:
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கரிப்புகைக்குள் ஒரு பேருந்து
கிளம்ப முடியாமல் இருமிக்கொண்டிருந்தது.
பின்னால் சிறுமி மூக்கால் முனகினாள்.
தேற்றத்தான் கூப்பிட்டேன், திரும்பாமலே:
"எனேபிஷ்... எனேபிஷ்..."

முனகல் நிற்கவில்லை. கொறடு நின்றது,
எழுபத்துநான்கின் கழுத்தில்.
சொத்தையில்லாத,
ஒரு பாவமும் அறியாத பல்லின் கழுத்தில்.

"ஆமாம், டாக்டர்" என்றான் ஸோல்பூ.
குரல் தண்ணீராக இருந்தது.
"இதுவல்ல."

ஒரு பல் பின்னால் நகர்ந்தான்.
அசைத்தான், பொறுத்தான், அசைத்தான்.
கவட்டை விரித்த வேர்களோடு வந்தது;
அந்தக் கவட்டைக்கிடையே
இன்னும் முளைக்காத ஒன்று
தூக்கம் கலையாமல் கிடந்திருக்க வேண்டும்.

மாலைக்குள் துறை முழுவதும் பேச்சு:
டாக்டருக்கு முதுகிலும் கண்.
நான் மறுக்கவில்லை.
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்,
என் கையெழுத்து இரண்டு தடவை பிசகியது.

உதட்டைக் கடித்துவிடாமல்
இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றபோது
தாய் பல்லைக் கேட்டாள்.
கொழுப்பில் சுற்றி நாய்க்குக் கொடுக்க வேண்டுமாம்,
அப்போதுதான் அடுத்தது
நாய்ப்பல் மாதிரி உறுதியாக முளைக்கும்.
"சீழ் வைத்த பல்லாயிற்றே,
மருந்து வேறு போட்டிருக்கிறீர்கள்.
நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாதே?"

ஸோல்பூ என்னைப் பார்த்தான்.
நான் அரியுன்ஸுலைப் பார்த்தேன்.
அவள் பேனாவைத் திறந்தாள்.

"நாய் எத்தனை கிலோ?"